சீனி போடாத தேத்தண்ணியும் ஒரு மடைப்பெட்டியும்

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பிடித்துக் கேள்வி கேட்கக்கூடாது. ஆனால் இந்த வருடம் மாசிக்கும் வைகாசிக்கும் இடையில் நான் ஒரு புத்தகம் வாசித்தேன். இங்கிலீஷ் புத்தகம். காதால் வாசித்தேன்.

இதை எழுதிக்கொண்டிருப்பவர் என் மருமகன். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவர். நான் சொல்லச் சொல்லப் புத்தகத் தமிழில் எழுதுகிறார். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்த மாதிரியே விடவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு அவருக்கு அரை மனம்தான். இப்போதே பேனாவை நிறுத்திவிட்டார்.

"மாமி, காதால வாசிச்சன் எண்டா பிழை. கேட்டன் எண்டுதான் வரணும்."

"தம்பி, புள்ளைகள்ற கொப்பியத் திருத்துங்க. என்னத் திருத்தாதீங்க."

சிரித்துக்கொண்டு எழுதுகிறார். நல்ல மனிதர். கோழிக்கறி என்றால் கொஞ்சம் பேராசை, அவ்வளவுதான். இதையும் எழுதுங்கள் தம்பி.

புத்தகத்தை எனக்கு வாசித்துக் காட்டியவர் எங்கள் பின்வளவு நோனா. பறங்கிப் பெண், அந்தக் காலத்தில் கப்பலில் வந்த வெள்ளைக்காரர் வழி; என் வயதுதான், தையல்காரி. எங்கள் ஊர் நாவற்குடாவில் பாதிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை அவருடைய மெஷினில் இருந்து வந்ததாக இருக்கும். எங்கள் வளவுக்கும் அவர் வளவுக்கும் நடுவில் கம்பி வேலி. அதில் ஓர் ஆள் குனிந்து போகிற இடைவெளி. என் மகள் அதை அடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு மழைக்கும் முன்னால் சொல்வாள், மழை வந்ததும் மறந்துவிடுவாள். பின்நேரம் வாவிக் காற்று எழும்பும்போது நான் அந்த இடைவெளியால் போய் நோனாவின் குசினி வாசலில் உட்காருவேன். கையில் ஏதாவது வேலை இருக்கும். இறால் உடைப்பேன், கீரை ஆய்வேன். கை வேலை செய்தால்தான் எனக்குக் காது திறக்கும்.

நோனாவின் மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு பெட்டி அனுப்புவான். சவர்க்காரம், சொக்லேட், அவன் மனைவி உடுத்து அலுத்த உடுப்புகள். இந்த முறை உடுப்புகளுக்கு அடியில் ஒரு புத்தகம் கிடந்தது. ஏன் வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. நோனாவுக்கு அப்போது தையல் குறைவு. வாசிக்கத் தொடங்கினார். நான் விடுவேனா?

"என்ன கா வாய்க்குள்ளயே சப்புறீங்க? எனக்கும் சொல்லுங்களன்."

"இது கதைப் புத்தகமில்ல கா. ஒரு மனுசன் தன்ட மனசுக்குள்ள நடந்தத எழுதி வெச்சது."

"மனசுக்குள்ள என்ன நடந்ததாம்?"

"சண்டை" என்றார் நோனா.

சண்டை என்றதும் நான் இறால் சட்டியை அருகில் இழுத்துக்கொண்டேன்.

அந்த மனிதர் பழைய காலத்து அமெரிக்காவில் இருந்தவர். கருப்பு ஆட்களைக் கப்பலில் கட்டிக் கொண்டுவந்து மாடு மாதிரி விற்ற காலம். அவர் பணக்காரரும் இல்லை, அதிகாரியும் இல்லை. குவேக்கர் என்று ஒரு வேதக் கூட்டத்தைச் சேர்ந்தவர். நடுங்குகிறவர்கள் என்று அதற்கு அர்த்தம் என்றார் நோனா. எங்கள் அம்மன் கோவில் சடங்குத் திருவிழாவில் உரு வந்து, அருள் ஏறி நடுங்குகிற மாதிரியா என்று கேட்டேன். இல்லையாம். இவர்கள் கோவிலில் பூசகர் இல்லை, மணி இல்லை, பாட்டும் இல்லை. எல்லோரும் வாங்குப் பலகைகளில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளே இருந்து சொல் வந்தால் எழும்பிச் சொல்வார்கள். வராவிட்டால் அப்படியே எழும்பி வீட்டுக்குப் போவார்கள்.

"ஒரு கதையும் இல்லாமலா?"

"ஒரு கதையும் இல்லாம."

"பொம்புளைகளுமா?"

"பொம்புளைகளும்தான் கா."

நாங்களும் செய்து பார்த்தோம். நோனா மெஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். நானும் கையைக் கட்டிக்கொண்டேன். வாவிப் பக்கம் ஒரு தோணிக்காரன் இருமினான். கொக்கு ஒன்று மதிலில் வந்து இறங்கியது. அதன் கால் கொஞ்சம் நொண்டுகிற மாதிரி இருந்தது, அதைச் சொல்லாமல் எப்படி இருப்பது? சொல்லிவிட்டேன். நோனா விழுந்து விழுந்து சிரித்தார்.

"உனக்கு உள்ளுக்க இருந்து வந்த சொல்லு கொக்குதானா கா?"

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது அந்த மனிதரின் முறை. அடிமை வைத்திருந்தவர்களின் வீடுகளுக்கு அவரே போவார். சத்தம் போடமாட்டார், சாபம் போடமாட்டார். அவர்களோடு உட்கார்ந்து, மெதுவாக, இது உங்கள் ஆத்துமாவுக்கு நல்லதா என்று கேட்பார். சிலர் கோபித்தார்கள். சிலர் அடிமைகளை விட்டுவிட்டார்கள். கேட்கப் போகும் முன் இவருக்கு வயிறு கலங்குமாம். அதைக்கூட ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வயிறு கலங்கியும் போனார் பாருங்கள், அது பெரிய விஷயம்.

ஒருநாள் வாசித்துக்கொண்டிருந்த நோனா புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு வாவியைப் பார்த்தார்.

"எங்கட ஆக்களும் அந்தக் காலம் கப்பல்ல அடிமைகளக் கொண்டு வந்தவங்கதான் கா."

"நீங்களா கொண்டு வந்தீங்க?"

"நான் கட்டினவன்ட வழியோ, கட்டுப்பட்டவன்ட வழியோ, எனக்குத் தெரியா. கண்ணாடியில பாத்தா ரெண்டும் இருக்கிற மாதிரித்தான் கிடக்கு."

உடைத்த இறாலில் பாதியை அவர் சட்டியில் போட்டேன்.

பிறகு சீனி வந்தது. அந்த மனிதர் சீனி சாப்பிடுவதை விட்டாராம். கரும்புத் தோட்டத்தில் அடிமைகள் செத்துச் செத்துச் செய்த சீனி, அதை என் வாயில் போட்டால் நானும் அதில் பங்கு என்று விட்டாராம். இதைக் கேட்ட அன்று எனக்கு மனம் என்னமோ ஆகிவிட்டது. வீட்டுக்குப் போய், இனி எனக்குச் சீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தேத்தண்ணிக்கு வேண்டாம், தயிருக்கும் வேண்டாம். எருமைத் தயிரில் சீனி இல்லாமல் சாப்பிட்டிருக்கிறீர்களா? அழுகை வரும்.

எங்கள் வீட்டில் ஒருத்தர் சீனி வேண்டாம் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கமுடியும். மகள் கந்தோர் வேலையால் வந்து சேலைகூட மாற்றவில்லை.

"அம்மா, உண்மையச் சொல்லுங்க. தலை சுத்துதா? இரவைக்கு அடிக்கடி ஒழும்புறீங்களா?"

"எனக்கு ஒண்டுமில்ல கா."

"சீனி வருத்தம் வந்தா மறைக்கக்கூடா அம்மா."

அடுத்த நாள் விடியற்காலையில் மருமகன் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு இரத்தம் சோதிக்கப் போனார். வெறும் வயிறு, வழியெல்லாம் எனக்குக் கிறுகிறுப்பு. இரத்தம் எடுத்த பிள்ளை, இந்த வயதில் இவ்வளவு நல்ல இரத்தத்தைத் தான் கண்டதே இல்லை என்றாள். மருமகனின் முகத்தில் சந்தோஷம், கூடவே ஏமாந்த பார்வை.

"அப்ப ஏன் மாமி சீனிய விட்டீங்க?"

புத்தகத்தைச் சொன்னேன். நடுவீதியில் நின்று சிரித்தார். இப்போதும் சிரிக்கிறார், எழுத்து ஆடுகிறது. வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்ல, அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, அந்த அடிமையளெல்லாம் எப்பவோ விடுதலையாகிட்டாங்க. இப்ப சீனி மெஷின்ல வருது. நீங்க குடிங்க."

அவள் சொன்னது நியாயம். அப்படியானால் என் தேத்தண்ணியில் இப்போது யாருடைய வியர்வை இருக்கிறது? சும்மா அப்படி ஒரு யோசனை. யோசித்துக்கொண்டே கோப்பையை வாங்கினேன். கோப்பையை நீட்டிய கையைப் பார்த்தேன்.

அது எங்கள் வீட்டில் வேலைக்கு நிற்கிற பிள்ளையின் கை. பிள்ளை என்று நான்தான் சொல்கிறேன், நாற்பது தாண்டியவள். வெல்லாவெளிப் பக்கம் ஊர். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. ஊரில் வயதான தாய் மட்டும். சில வருடங்களுக்கு முன் என் முழங்கால் மடங்காமல் போனபோது எங்களிடம் வந்தாள், அதற்குப் பிறகு இங்கேதான். காகம் கரையும் முன் எழும்புவாள். என் முழங்காலுக்கு எண்ணெய் போடுவாள். என்னைப் பெரியம்மா என்பாள். நாங்கள் அவளை அடித்ததும் இல்லை, பட்டினி போட்டதும் இல்லை, சம்பளம் பிந்தியதும் இல்லை. அடிமை என்ற சொல்லுக்கும் எங்கள் வீட்டுக்கும் வெகுதூரம். ஆனாலும் அன்று என் கண் அந்தக் கையை விட்டுப் போகவில்லை.

"புள்ள, சடங்குக்கு ஊருக்குப் போறல்லியா?" என்று கேட்டேன். வைகாசி பிறக்க இருந்தது.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்க பெரியம்மா போற? கனடாக் காரங்க வாறாங்களே."

அது உண்மை. மருமகனின் அண்ணன் குடும்பம் கனடாவிலிருந்து சடங்கு நடக்கிற கிழமைதான் வருகிறது. முந்திய வருடம் வேறு யாரோ வந்தார்கள். அதற்கு முந்தியும் வந்தார்கள். சடங்குக் காலம் என்றால் எங்கள் வீட்டில் விருந்துக்குக் குறைவில்லை. விருந்தென்றால் அவள் இல்லாமல் அடுப்பு எரியாது.

நான் விடவில்லை. கதை பிடுங்குவதில் எனக்கு ஈடு இல்லை. மெல்ல மெல்லச் சொன்னாள்.

அவள் ஊர் அம்மன் கோவில் வருடத்தில் ஒருமுறைதான் திறக்கும். திறந்ததிலிருந்து, அம்மனைக் குளிர்விக்கிற கடைசி நாள் குளிர்த்தி முடிந்து கதவு சாத்தும்வரை ஒவ்வொரு நாள் பூசையும் ஒவ்வொரு குடிக்கு. வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழி வம்சம். தாயின் குடிதான் பிள்ளையின் குடி. தகப்பன் யாராக இருந்தாலும் அது மாறாது. தங்கள் குடிக்குரிய நாளில் அந்தக் குடிப் பெண்கள் வீட்டுக்கு வீடு மடைப்பெட்டி எடுப்பார்கள். பனையோலைப் பெட்டியில் பச்சையரிசியும் பழமும் வெற்றிலை பாக்கும் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, தலையில் வைத்துக் கோவிலுக்குக் கொண்டுபோவது. இவள் வீட்டுப் பெட்டியை இவ்வளவு காலமும் தாய் எடுத்தாள். இப்போது தாய்க்குக் கழுத்து நிற்பதில்லை.

"ஆத்தை போன்ல சொல்றா, இந்த வரிசம் நீ வரல்லியெண்டா நம்மட வீட்டுப் பெட்டி போகாது எண்டு. பொம்புளப் புள்ள நான் ஒருத்திதானே பெரியம்மா. என்னோட முடிஞ்சிரும்."

"இத ஏன் கா மகளுக்குச் சொல்லல்ல?"

அவள் வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, நீங்க எந்தக் குடி?" என்று கேட்டேன், ஒரு கதைக்குத்தான்.

சொன்னாள். என் கையிலிருந்த கோப்பை சரிந்து தேத்தண்ணி மடியில் சிந்தியது.

எங்கள் குடி. நான், என் மகள், என் மகளின் பிள்ளைகள் எல்லோரும் அந்தக் குடி. ஒரே குடி என்றால் சொந்தம். அவளுக்கு நான் உண்மையிலேயே பெரியம்மா. எங்கள் ஊரில் மாப்பிள்ளை பார்க்கப் போனால் தண்ணீர் குடிக்க முதலே கேட்கிற கேள்வி எந்தக் குடி என்பது. இதோ எழுதுகிற மருமகனிடம் மூன்று பேர் கேட்டார்கள். வேலைக்கு வந்தவளிடம், இத்தனை வருடமாய் ஒரே கூரைக்குள் இருந்தவளிடம், ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேரே வேலி இடைவெளியால் நோனாவிடம் ஓடினேன். ஓடினேன் என்றால், என் முழங்காலுக்கு எது ஓட்டமோ அது.

"நோனா, விசயம் முடிஞ்சிது!"

"என்ன கா முடிஞ்சிது? ஆர் செத்துப்போன?"

முழுக்கதையும் சொன்னேன். "அவ எங்கட குடி கா! குடிப் புள்ளையக் குடிப் பூசைக்கு விடாம வெச்சிருக்கலாமா? இத ஒண்டச் சொன்னா என்ட மகள் வாய் திறக்கமாட்டா."

நோனா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்தார்.

"அப்ப வேற குடியெண்டா?"

"என்ன வேற குடி?"

"வேற குடியெண்டா விருந்துக்குச் சமைச்சிக்கிட்டுக் கிடக்கலாம். அப்பிடித்தானே?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்க பறங்கி. உங்களுக்குக் குடி விளங்காது."

"ஓம் கா, எனக்கு விளங்காது. அந்தப் புத்தக மனுசனுக்கும் விளங்கியிருக்காது. அவர் ஆருக்காகக் கதைச்சாரோ, அவங்க அவர்ட ஆக்களுமில்ல, அவர்ட பாசையுமில்ல."

நான் எழும்பி வந்துவிட்டேன். கோபத்தில் குனிய மறந்து சேலை வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. "ஆய், நில்லு கா, கிழியப்போகுது!" என்று நோனாதான் வந்து எடுத்துவிட்டார். எடுத்துவிட்டவரோடு எப்படிக் கோபமாக இருப்பது? ஆனாலும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன்.

இரண்டு மனமாக இருந்தது. துருப்புச் சீட்டு கையில் இருக்கிறது, போட்டால் வெற்றி. ஆனால் போட்டால், அடுத்த வருடம் வேறு ஊரிலிருந்து வேறு குடிப் பெண் வந்து நின்றால் அவளுக்கு என்ன இருக்கும்? நோனாவின் நாக்கு ஊசியைவிடக் கூர்மை. குத்தினால் குத்தினதுதான்.

கடைசியில் அந்த மனிதர் செய்த மாதிரியே செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். குடிக் கதை வேண்டாம், சத்தமும் வேண்டாம். முதலில் சும்மா உட்காருவது.

அன்று பின்நேரம் எல்லோரும் வீட்டில். மகள் கனடாக்காரருக்கு என்னென்ன சமைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை. நண்டுக்கறிக்கு முருங்கையிலை போடுவதா என்று மகள் கேட்டாள். அதில் எனக்கு எவ்வளவு கதை இருக்கிறது! விழுங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க அமைதியாகிவிட்டது.

"அம்மா?" என்றாள் மகள். "அம்மா, நெஞ்சு நோகுதா?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"கதைக்கிறாவில்லயே! இஞ்ச வாங்களன், அம்மாட வாய் கோணுதா பாருங்க!"

மருமகன் டோர்ச் எடுத்துக்கொண்டு வந்தார். "மாமி, நாக்க நீட்டுங்க. வலது கையத் தூக்குங்க. நான் ஆரு சொல்லுங்க."

"நீங்க கோழிக்கறி" என்றேன். அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். குசினி வாசலில் நின்ற எங்கள் வீட்டுப் பிள்ளையும் முந்தானையால் வாயைப் பொத்தினாள். சிரிப்பு அடங்கும்போது எனக்கு வயிறு கலங்கத் தொடங்கியது. சரி, இதுதான் நேரம் என்று நினைத்தேன்.

"மகள், இந்தப் புள்ள சடங்குக்கு ஊருக்குப் போகட்டும்."

மகளின் முகம் மாறியது. அவள் கெட்டவள் இல்லை. கந்தோரில் காலையிலிருந்து மாலைவரை நின்று, பிள்ளைகளின் டியூசனுக்கு ஓடி, இரவில் கால் வீங்கிப் படுக்கிறவள்.

"எந்தக் கிழமை எண்டு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? வீடு நிறைய ஆக்கள் வரக்குள்ள ஆரு சமைக்கிற?"

"நான்."

"நீங்களா? நீங்க ஒரு கதையத் தொடங்கினா சோறு கரியாகிரும்."

"கரிஞ்ச சோத்த நான் தின்னுறன்."

"அம்மா, பகிடி விடாதீங்க. அவக்கு மறுகா லீவு குடுப்பன். குளிர்த்தி முடிய ஒரு கிழமை போகட்டும்."

"குளிர்த்தி முடிஞ்சா கோவில் கதவு சாத்திரும் கா. சாத்தின கதவுக்கு முன்னால பெட்டியக் கொண்டுபோய் என்ன செய்யிற?"

என் குரல் ஏறத் தொடங்கியது. நாக்கு நுனியில் குடி வந்து நின்றது, ஒரே ஒரு சொல். அந்த மனிதர் சத்தம் போடவில்லை என்பது நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். மெதுவாக மூச்சு விட்டேன். பிறகு பெட்டிக் கதையைச் சொன்னேன், தாயின் கழுத்தைச் சொன்னேன், அவளோடு முடிந்துவிடும் என்று அவள் சொன்னதைச் சொன்னேன். "அவட நாள் அது. நம்மட சோத்துக்கு அவட நாள எடுக்கிறது உனக்கு நல்லதா மகள்?" என்று கேட்டேன். அவ்வளவுதான். இவ்வளவு குறைவாக நான் வாழ்க்கையில் கதைத்ததில்லை.

மகள் குசினி வாசலைப் பார்த்தாள்.

"இவ்வளவு காலமும் ஏன் என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கல்ல?"

அங்கே நின்றவள் தலையைத் தூக்கினாள்.

"கேட்டு, நீங்க ஏலாது எண்டு சொன்னா, மறுகா எனக்கு இஞ்ச நிக்க மனம் வராது தங்கச்சி. நிக்கவும் வேணும். அதால கேக்கல்ல."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு அமைதி வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நடித்தது அமைதியே இல்லை. இதில் சுவர்மணிக்கூட்டின் சத்தம் கேட்டது, வாவியில் யாரோ வலை எறிந்தது கேட்டது. யாருக்கும் உள்ளே இருந்து சொல் வர அவ்வளவு நேரம் எடுத்தது.

மகளுக்குத்தான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்கட பூசை எண்டைக்கு? முதல் நாளே போகணுமே, பெட்டி கட்ட வேணாமா?"

போனாள். பூசைக்கு முதல் நாள் காலை பஸ்ஸில் ஏறும்போது அவளுக்குப் புதுச் சேலை, மகள் வாங்கியது. நோனா இரவிக்கை தைத்துக் கொடுத்தார். கை கொஞ்சம் இறுக்கம் என்று நான் சொன்னேன், நோனா என்னை முறைத்தார்.

அன்றே கனடாக்காரரும் வந்தார்கள். நானும் நோனாவும் சமைத்தோம். நண்டுக்கு முருங்கையிலை போட்டோம். சோறு அடிப்பிடித்தது, அது அந்தக் கனடாப் பிள்ளைகள் நொண்டிக் கொக்கின் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டதால். அவர்களே அடிச்சோற்றைச் சுரண்டிச் சாப்பிட்டுவிட்டு, இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள்.

அடுத்த நாள் கனடா மூத்தவர், எங்கேயாவது சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். மகள் யோசிக்கவே இல்லை.

"வெல்லாவெளிப் பக்கம் போவம். அங்க இண்டைக்கு எங்கட வீட்டு ஆள்ற பூசை."

வான் பிடித்துப் போனோம். நோனாவும் வந்தார், விசிறியும் செபமாலையும் கைப்பையில். பட்டிருப்புப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல் வட்டை, சிறுபோக நெல் வேளாண்மை பச்சையாக நின்றது. மேற்கே இருந்து வீசுகிற கச்சான் காற்று வானுக்குள் புகுந்து எல்லோர் தலையையும் கலைத்தது. கோவிலடிக்கு நாங்கள் போய்ச் சேரவும் பகல் பூசைக்குப் பறை முழங்கவும் சரியாக இருந்தது.

பெண்கள் வரிசையாக வந்தார்கள். நடுவில் அவள். ஈரத் தலை, புதுச் சேலை, தலையில் வெள்ளை மூடிய பெட்டி. எங்கள் வீட்டில் குனிந்தே நடந்தவள், கழுத்தை அப்படி நிமிர்த்தி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் அவள் தாய், தடி ஊன்றிக்கொண்டு, பெட்டியை விட்டுக் கண் எடுக்காமல்.

கோவில் வாசலில் நின்ற பெரியவர், அன்றைய பூசை எந்தக் குடியினது என்று சத்தமாகக் கூறினார். மகள் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, அது எங்கட குடியெல்லா?"

"ஓம்."

"உங்களுக்கு முதலே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல்ல? சொல்லியிருந்தா நான் அப்பவே விட்டிருப்பனே!"

"அதாலதான் கா சொல்லல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நோனா விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார், சிரித்தாரா என்னவோ. அதற்குள் அந்தத் தாய்க்கும் செய்தி எட்டிவிட்டது; சடங்கு நடக்கிற இடத்தில் எந்தச் செய்திதான் நிற்கும்? தடியை ஊன்றி ஊன்றி வந்து என் மகளின் கையைப் பிடித்தாள்.

"நீயும் நம்மட புள்ளையா? மறுகா என்ன பாத்துக்கிட்டு நிக்கிறாய்? எனக்காக ஒரு பெட்டி கட்டினது, தலையில தூக்க ஏலாம இஞ்ச வாசலடியில கிடக்கு. போ, கால் கழுவிட்டு வந்து எடு."

கந்தோருக்குக் குதிக்கால் சப்பாத்தோடு போகிற என் மகள் சப்பாத்தைக் கழற்றி என்னிடம் தந்தாள். நான் அதை நோனாவிடம் கொடுத்தேன். கனடாப் பிள்ளைகள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். பெட்டியைத் தலையில் வைக்க மகளுக்குப் பழக்கமில்லை, ஒரு பக்கம் சரிந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு கையால் தன் பெட்டியையும் மறு கையால் அவள் பெட்டியையும் பிடித்தாள்.

"நிமிந்து நடங்க தங்கச்சி. கீழ பாத்தா விழும்" என்று அவள் சொல்வது எனக்குக் கேட்டது.

பூசை முடிந்து அவள் வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். தந்தது அவள் இல்லை, அவளுக்கும் சேர்த்து அயல்வீட்டுப் பெண் ஒருத்தி கொண்டுவந்தாள். அவள் எங்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து குடித்தாள். என் கோப்பையில் சீனி இருந்தது. குடித்தேன். புத்தக மனிதர் பொறுத்துக்கொள்வார்.

அடுத்த வருடம் முதல் வைகாசியில் எங்கள் வீட்டுக்கு விருந்து வரக்கூடாது என்று மகள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். வருகிறவர்கள் வெல்லாவெளிக்கு வரலாமாம்.

திரும்பி வரும்போது வானுக்குள் எல்லோரும் களைத்துப் போயிருந்தார்கள். பாலத்தில் வரும்போது வாவி முழுக்க வெயில் சாய்ந்து கிடந்தது. நான் ஒன்றும் கதைக்கவில்லை. கொக்குகள் நிறைய நின்றன, அதைக்கூடச் சொல்லவில்லை. மருமகன் முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"மாமி, நாக்க நீட்டுங்க பாப்பம்."

"சும்மா இருங்க தம்பி" என்றார் நோனா. "அவக்கு இப்ப நல்ல சுகம்."